காய்ச்சல் கட்டிய ஊர்

கோடைக்கானலுக்குப் போகாதவர் யாராவது இருக்கிறீர்களா? ஸ்கூல் டூரிலோ, கல்யாணமான புதிதிலோ, மே மாத வெயில் தாங்காமல் குடும்பத்தோடு வேன் எடுத்துக்கொண்டோ, ஒருதடவையாவது போயிருப்பீர்கள். போனதும் என்ன செய்தீர்கள்? நேரே ஏரிக்குப் போனீர்கள். பெடல் போட், வாடகை சைக்கிள், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, குதிரை மேல் விறைப்பாக உட்கார்ந்து ஒரு போட்டோ... 'ஆஹா, இயற்கை என்றால் இதுதான்!' என்று ஒரு பெருமூச்சும் விட்டிருப்பீர்கள்.

உங்கள் சந்தோஷத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்த ஏரி இயற்கை இல்லை! 1863-ல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் ஓடையைத் தடுத்துக் கட்டியது. மதுரையில் கலெக்டராக இருந்தவர் அவர். ஏரியைக் கட்டிவிட்டு, தூத்துக்குடியிலிருந்து ஒரு படகையும் மலை மேல் வரவழைத்தார். கடலில் மிதக்கவேண்டிய படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஆட்களின் தோளில் ஏறிப்போன காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அப்போது மலைக்கு ரோடே கிடையாது!

ஏரி மட்டுமில்லை. ஊரைச் சுற்றியிருக்கும் யூகலிப்டஸ் வெளியிலிருந்து வந்தது. சினிமாக்காரர்கள் டூயட் பாடும் பைன் மரக்காடு, 1900-களின் ஆரம்பத்தில் பிரையன்ட் என்ற வன அதிகாரி நட ஆரம்பித்தது (பூங்காவுக்குப் பெயர் தந்தவர் இவரேதான்). பிளம்ஸ், பேரிக்காய், கேரட் எல்லாமே வெளியூர்ச் சரக்கு. ஊரே இறக்குமதி!

அப்படியானால் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லையா? டூரிஸ்ட் கைடு புத்தகங்களைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 'கோடைக்கானலைக் கண்டுபிடித்தவர் இன்னார்' என்று ஒரு வரி இருக்கும். எனக்கு இந்த 'கண்டுபிடித்தவர்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் வரும். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, 'நான்தான் இந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்' என்று சொன்னால் விடுவோமா?

பழநி மலைத்தொடர் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிய ஒரு கை மாதிரி. வடக்கு அடிவாரத்தில் பழநி, தெற்கே பெரியகுளம். சங்க இலக்கியத்தில் பழநிக்குப் பெயர் 'பொதினி'. ஆவியர் குலத் தலைவன் பேகன் ஆண்ட நாடு. ஆமாம், மயிலுக்குப் போர்வை கொடுத்தாரே, அவரேதான்! கோடை மலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவன் என்று ஒருவனும் புறநானூற்றில் வருகிறான். அந்தக் 'கோடை' இந்தக் கோடைதான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

அதற்கும் முந்தைய ஆட்களின் அடையாளமும் மலையில் இருக்கிறது. தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் போனால், நான்கு புறமும் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடிய கல்வீடுகளைப் பார்க்கலாம். இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மனிதர்கள் எழுப்பியவை. செண்பகனூரில் இருந்த ஆங்லாட் என்ற ஏசு சபைப் பாதிரியார், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றை அளந்து, வரைந்து, 1928-ல் ஒரு புத்தகமே போட்டார்.

பிறகு வந்தால்... தேனெடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்த பளியர்கள், புலையர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து ஏறிவந்த குன்னுவர்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி விவசாயம் செய்தவர்கள் இவர்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, வில்பட்டி, வெள்ளகவி என்று கிராமங்கள். 1821-ல் பி.எஸ்.வார்டு என்ற லெப்டினென்ட் இந்த மலையை சர்வே செய்ய வந்தபோது எங்கே தங்கினார் தெரியுமா? நடுக்காட்டில் டென்ட் அடித்து இல்லை. வெள்ளகவியில், குன்னுவர்களின் ஊரில்! 'மலை அழகு, காற்று ஆரோக்கியம்' என்று அவர் எழுதி வைத்தார். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் தேவதானப்பட்டி பக்கமிருந்து ஏறிவந்து, செண்பகனூர் அருகே ஒரு பங்களா கட்டினார். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். ஊட்டியை ஆங்கிலேயர்கள் உருவாக்கினார்கள், சிம்லாவை ஆங்கிலேயர்கள், டார்ஜிலிங்கையும் ஆங்கிலேயர்கள். கோடைக்கானலை உருவாக்கியது மட்டும் அமெரிக்கர்கள்! எங்கோ இருக்கிற அமெரிக்காக்காரனுக்கு இங்கே என்ன வேலை?

பாஸ்டன் நகரத்திலிருந்து கிளம்பிய அமெரிக்க மிஷனரிகள் முதலில் போய் இறங்கியது யாழ்ப்பாணத்தில். அங்கிருந்து 1834-ல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தார்கள், ஆஸ்பத்திரி நடத்தினார்கள், விழுந்து விழுந்து தமிழ் படித்தார்கள். (நம் பெருமைக்குரிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இருக்கிறதே, அதன் முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ்.சாண்ட்லர் இந்த மதுரை மிஷன்காரர்தான்!) மதம் பரப்புவது அவர்கள் நோக்கம், அதைப்பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, வந்த இடத்தில் அவர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை. மதுரை வெயில் ஒருபக்கம். காலரா ஒருபக்கம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல்! குழந்தைகளைப் புதைத்தார்கள், மனைவிகளைப் புதைத்தார்கள், ஒருவரையொருவர் புதைத்தார்கள்.

காய்ச்சல் எதனால் வருகிறது என்று அப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'மலேரியா' என்ற வார்த்தைக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். கொசுதான் வில்லன் என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது 1897-ல். அதுவரை டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய வைத்தியம், 'காற்று சரியில்லை, வேறு காற்றுள்ள ஊருக்குப் போ!'

அப்படித்தான் அமெரிக்கர்கள் முதலில் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையைப் பார்த்தார்கள். கிட்டத்திலேயே இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் பாவம், அங்கேயும் காய்ச்சல் வந்தது! அந்த உயரம் கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்லை. 'இன்னும் மேலே போ' என்று பழநி மலையின் உச்சிப் பீடபூமியைப் பிடித்தார்கள். 1845 அக்டோபரில் இரண்டு பங்களாக்கள் தயார். பெயர்கள்: 'சன்னி சைடு', 'ஷெல்டன்'. இன்றைக்குக் கோடைக்கானல் என்று நாம் சொல்லும் ஊருக்கு இந்த இரண்டு வீடுகள்தான் பிள்ளையார் சுழி. ஆக, ஊரைக் கட்டியது உல்லாசம் இல்லை... காய்ச்சல்!

காரணம் தெரியாமலே செய்த வைத்தியம் பலித்தது. ஏழாயிரம் அடிக் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்வது கஷ்டம். 'நல்ல காற்று' என்று அவர்கள் நம்பியது உண்மையில் நல்ல குளிர்.

ஆனால் அங்கே போய்ச் சேர்வது? அதுதான் பெரிய கதை. மதுரையிலிருந்து மாட்டு வண்டியில் ராத்திரியெல்லாம் குலுங்கிக் குலுங்கிப் பெரியகுளம். அங்கிருந்து மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. பிறகு செங்குத்தான ஒற்றையடிப் பாதை. திடகாத்திரமானவர்கள் நடந்தார்கள், வசதி உள்ளவர்கள் மட்டக்குதிரையில் போனார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லாம் மூங்கில் கட்டிய நாற்காலியிலோ டோலியிலோ உட்கார, கூலியாட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பியானோ, இரும்புக் கட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாமே தலைச்சுமைதான். லெவிஞ்சின் பெயரைச் சொல்ல ஏரி இருக்கிறது; நடைபாதை போட்ட லெப்டினென்ட் கோக்கரின் பெயர் 1872-லிருந்து 'கோக்கர்ஸ் வாக்'கில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஏறிய ஒருத்தருடைய பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை.

1875-ல் ரயில் மதுரைக்கு வந்தது. அம்மையநாயக்கனூரில் ஒரு ஸ்டேஷன் வைத்து, பிற்பாடு அதற்கு 'கோடைக்கானல் ரோடு' என்று பெயர் சூட்டினார்கள். பெயரை நம்பி இறங்கிவிட்டு, 'கோடைக்கானல் எங்கேப்பா?' என்று ஆட்டோக்காரரிடம் கேட்டு முழித்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் போகணும்! மேஜர் லா என்பவர் போட்ட திட்டப்படி வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைச்சாலை வேலை 1870-களில் தொடங்கியது. ஜவ்வாக இழுத்து, வண்டிகள் ஊருக்குள் போகுமளவுக்கு அது முடிந்தது 1914-ல்! இப்போது நீங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறீர்களே, அதே சாலைதான்.

மலை மேல் அவர்கள் உண்டாக்கியது அச்சுஅசலாக ஓர் அமெரிக்கச் சிற்றூர். கான்சாஸ், அயோவா மாநிலங்களில் சின்ன ஊர்களை வர்ணிக்கும்போது என்ன சொல்வார்கள்? ஒரு சர்ச், ஒரு ஸ்கூல், நாலு கடை, எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு தெரு. கோடையில் ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றி அதுதான் உருவானது. மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்க 1901-ல் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அதன் முதல் தலைமையாசிரியை மார்கரெட் எடி, அந்தக் கான்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த குடும்பம்! தமிழ்நாட்டில் வேலை செய்துகொண்டிருந்த மகனைப் பார்க்க வந்த அம்மாள், ஸ்கூலையும் நடத்த ஆரம்பித்துவிட்டார். ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தில் 'ஹைகிளார்க்' என்ற பெயரில் தொடங்கிய அதுதான், 1970-களில் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து இன்றைய கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது.

அதே காலகட்டத்தில் இன்னொரு விசேஷமும் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும்.

1876-78 தாது வருஷப் பஞ்சம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்று மண்டையைக் குடைந்துகொண்ட விஞ்ஞானிகள் சிலர், சூரியனின் மேல் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். அப்படியானால் சூரியனை நித்தம் கவனிக்க வேண்டும். மேகத்துக்கும் தூசிக்கும் மேலே ஓர் இடம் வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து வானியலுக்கு வந்த மிச்சி ஸ்மித், கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் சென்னையிலிருந்து மூட்டை கட்டிய வான் ஆராய்ச்சிக்கூடம், 1901-ல் மலையிலிருந்து சூரியனைப் பார்க்கத் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார். சூரியக் கரும்புள்ளியின் உள்ளிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது! உலகத்தின் எந்த மூலையில் சூரிய இயற்பியல் பாடம் நடத்தினாலும் 'எவர்ஷெட் விளைவு' வந்தே தீரும். அது பிறந்த இடம் நம் திண்டுக்கல் மாவட்டம். (இங்கே 'கண்டுபிடித்தார்' என்ற வார்த்தைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை!)

பஞ்சத்துக்கும் கரும்புள்ளிக்கும் எதிர்பார்த்த நேரடி முடிச்சு விழவில்லை. ஆனாலும் வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் சூரியனைப் படமெடுத்து வைக்கும் வேலை அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. இத்தனை நீண்ட சூரிய ஆல்பம் உலகத்தில் வெகு சில இடங்களில்தான் உண்டு. அடுத்த முறை போகும்போது, குதிரை சவாரியில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப்பாருங்களேன்.

1936-ல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் ஒரு வரி சொல்லிவிடலாம். கட்டியவர் இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி. பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்தது 2030.

சுதந்திரத்துக்குப் பின் மிஷனரிகள் குறைந்தார்கள், மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் ஏறினார்கள். சினிமா வந்தது. டிரான்ஸ்மிட்டர் டவர் வந்து, 100.5-ல் 'கோடை பண்பலை' தென் தமிழ்நாட்டு வயற்காட்டு ரேடியோக்களில் எல்லாம் பாட ஆரம்பித்தது. 1984-ல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

காய்ச்சலுக்குப் பயந்து கட்டின ஊர் என்று சொன்னேன் இல்லையா? விதியின் விளையாட்டைப் பாருங்கள். காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் ஃபாக்டரிதான் அங்கே வந்தது! அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில் மூடப்பட்ட ஃபாக்டரி. அதன் மெஷின்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து 1980-களின் ஆரம்பத்தில் பாண்ட்ஸ் கம்பெனி கோடையில் நிறுவியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. ஊருக்கு மிஞ்சியது வேலை. மலையில் நிரந்தர வேலை என்பது லேசுப்பட்ட விஷயமா? இளைஞர்கள் சந்தோஷமாகச் சேர்ந்தார்கள். தரையில் சிந்தி உருண்டோடும் வெள்ளி மணிகள் விஷம் என்பது பலருக்குத் தெரியாது.

2001 மார்ச்சில் குட்டு உடைந்தது. மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாக... 7.4 டன்! உள்ளூர்க்காரர்களும், பழநி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து வெளிச்சம் போட்டுக் காட்ட, ஃபாக்டரி மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஏழை நாட்டின் தலையில் குப்பை கொட்டுவதுதான் உலக வழக்கம். இங்கே குப்பை வந்த வழியே திரும்பிப் போனது. அபூர்வம்தான்.

ஆனால் மண்ணுக்குள் இறங்கியதை எப்படித் திருப்பி அனுப்புவது? ஃபாக்டரிக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் தண்ணீர் கீழே இறங்கி வைகையைத் தேடிப் போகிறது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதிலேயே வருஷக்கணக்கில் சண்டை. தொழிலாளிகளின் உடம்புக்கு எந்தப் பாதிப்பும் நிரூபிக்கப்படவில்லை என்பது கம்பெனியின் நிலை. சிறுநீரகம் போயிற்று, நரம்பு போயிற்று என்பது தொழிலாளர்களின் முறையீடு. 2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாட்டு இன்டர்நெட்டில் உலகம் சுற்றிய பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஃபாக்டரி மூடி பதினைந்து வருஷம் கழித்து! எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை.

கோடைக்கானலின் சண்டைகள் கோடைக்கானலோடு நிற்பதில்லை. மலையில் இத்தனை மாடிக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி உண்டு. 'பிளசன்ட் ஸ்டே' ஹோட்டல் ஏழு மாடி எழும்பியது. அதற்கு விதிவிலக்கு கொடுத்த வழக்கில் 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவித்தது தனி நீதிமன்றம். அன்றைக்கே தர்மபுரியில் கலவரக் கும்பல் ஒரு கல்லூரி பஸ்ஸைக் கொளுத்தியது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகிப்போனார்கள். அடுத்த வருஷ டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. மலையுச்சியில் யாரோ எழுப்பிய கூடுதல் மாடிகளுக்கும், அந்த மூன்று பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கட்டடமாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போன ஒன்று இருக்கிறது. புல்!

'புல்லா? போங்க சார்!' என்று சிரிக்காதீர்கள். பழநி மலையின் உச்சியில் இயற்கை போட்டு வைத்த ஏற்பாடு ரொம்ப நுட்பமானது. பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மேட்டிலெல்லாம் புல்வெளி. மழைநீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது இந்தக் கூட்டணிதான். மஞ்சளாறும் வராக நதியும் பொருந்தலாறும் குதிரையாறும் உற்பத்தியாவது இப்படித்தான். பெரியகுளத்தில் நெல் விளைவதும், பழநியில் குழாயில் தண்ணீர் வருவதும் மலை மேலிருக்கும் இந்தக் கூட்டணியின் தயவு. வெள்ளைக்காரர்களுக்கும், பின்னால் வந்த நம் வனத்துறைக்கும் புல்வெளியைப் பார்த்தால் 'சும்மா கிடக்கிற இடம்' என்று தோன்றிவிட்டது. தோல் பதனிட வாட்டில், காகிதத்துக்கும் விறகுக்கும் யூகலிப்டஸ், அப்புறம் பைன் என்று வரிசையாக நட்டுத் தள்ளினார்கள். மரம் நடுவது புண்ணியம் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? வாட்டில் விதை பரவி, நடாத இடத்திலும் முளைத்தது. நாற்பது வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு விஞ்ஞானிகள் 2018-ல் சொன்ன கணக்கு: பழநி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காலி! குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான் என்பதைக் கவனியுங்கள்.

புல்லைத் தின்று வாழும் காட்டுமாடு எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். ராத்திரியானால் ஏரிச் சாலையிலேயே கறுப்பாக, ஒரு டன் எடையில், சாவகாசமாக நடந்து போகிறது. டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

2011 கணக்குப்படி ஊரின் ஜனத்தொகை 36,501. ஏப்ரல், மே சீசனில் அதைவிடப் பெரிய கூட்டம் மேலே ஏறிவிடுகிறது. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் குணா குகைக்கு இன்னொரு படையெடுப்பு. (அந்த இடத்துக்குக் 'குணா குகை' என்ற பெயரே 1991-ல் கமல் படம் வந்த பிறகு ஒட்டிக்கொண்டதுதான். முன்பு 'டெவில்ஸ் கிச்சன்', பிசாசின் சமையலறை!) அந்த வருஷம் மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றது உயர் நீதிமன்றம். 2025 கோடையில் எண்ணிக்கையும் குறித்தது. சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. ஹோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் கொதித்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மாசம் சம்பாதித்துப் பத்து மாசம் சாப்பிடுகிற ஊரில் கோபம் வராதா? அதே சமயம், பால் வாங்கக் கடைக்குப் போகவே டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நிற்கும் உள்ளூர் ஆசாமி மனசுக்குள் கைதட்டியிருப்பார். இரண்டு பேருமே ஒரே தெருக்காரர்கள்தான்.

ஏரியைத் தாண்டி மேற்கே இருபது கிலோமீட்டர் போனால், சீசன் சத்தமே இல்லாத இன்னொரு கோடைக்கானல் இருக்கிறது. பூம்பாறையில் படிப்படியான வயல்களில் பூண்டு விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கும் இந்த ஊரில் விளைவது, மூட்டையாகக் கட்டப்பட்டு மலையிறங்கிப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. விலையைத் தீர்மானிப்பது அந்தச் சந்தை. விருப்பாச்சி மலைவாழையின் கதை இன்னும் சோகம். பழநி பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுத்த அந்த வாழையை, 'முடிக்கொத்து' நோய் வந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. இப்போது மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் கொஞ்சம்தான்.

வார்டு தங்கிய வெள்ளகவியும் அங்கேதான் இருக்கிறது. கிராமத்தையே கோயிலாக நினைத்து, ஊருக்குள் செருப்பே போடாத ஜனங்கள். வட்டக்கானல் வழியாகக் கும்பக்கரை இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையில் ஊர் இருப்பதால், டிரெக்கிங் போகிறவர்களுக்கு அது 'சூப்பர் ஸ்பாட்'. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தது ஒரு ரோடு. அவர்களுடைய காபியும் மிளகும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் சந்தைக்குப் போய் வந்தது. பிரசவ வலி எடுத்தாலும், பாம்பு கடித்தாலும், கம்பில் துணியைக் கட்டி டோலியாக்கி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் ரோடு வரைக்கும் வரவேண்டியிருந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோடைக்கானல் அரசு ஆஸ்பத்திரி. கேஸ் கொஞ்சம் சீரியஸ் என்றால், கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, தேனி மெடிக்கல் காலேஜுக்கோ மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ.